ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சிரிக்கவும் வேண்டும், ஆனால் வெறும் சிரிப்பாக இருக்கக் கூடாது. ஒரு நல்ல மலையாளப் படம் சொல்லு" என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான். சொன்னதும் வரும் கேள்விகளும், பார்த்துவிட்டு வந்து கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றே. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கடைசி இருபது நிமிடத்தில் நடப்பது எதுவும் இதில் இல்லை, பயப்படாமல் படிக்கலாம்.

ரோபோ படமாமே? சண்டை, வெடி, உலகத்தைக் காப்பாற்றுவது எல்லாம் இருக்குமா?

எதுவும் இல்லை. ஊரில் ஒரு பெரியவர், அவர் வீட்டில் ஒரு ரோபோ, அவ்வளவுதான். 2019 நவம்பர் 8 அன்று வெளியான படம். எழுதி இயக்கியவர் ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாள். அவருக்கு இது முதல் படம், அதற்கு முன் இந்தித் திரையுலகில் கலை இயக்கப் பிரிவில் வேலை பார்த்தவர். பெரியவராக சுராஜ் வெஞ்ஞாறமூடு, மகனாக சௌபின் ஷாஹிர். ஒளிப்பதிவு சானு வர்கீஸ். 'விஸ்வரூபம்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் என்றால் நம் ஊரில் சட்டென்று புரியும். இசை பிஜிபால்.

அறிவியல் புனைகதை என்று எங்காவது வகைப்படுத்தியிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோபோ எப்படி வேலை செய்கிறது என்று படம் மெனக்கெட்டு விளக்குவதே இல்லை. மிக்ஸியைக் கூட வீட்டுக்குள் சேர்க்காத ஒருவரிடம் அது வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் படம்.

கதையில் எவ்வளவு தெரிந்துகொண்டு போகலாம்?

இவ்வளவு போதும். கேரளத்தின் வடக்கே, கண்ணூர் மாவட்டத்துப் பையன்னூர்ப் பக்கம் பாஸ்கரப் பொதுவாள் என்றொரு முதியவர். மனைவி இல்லை. மகன் சுப்ரமணியன் இன்ஜினியரிங் படித்தவன். (அந்த ஊரின் பெரிய கோயிலே சுப்ரமணிய சுவாமி கோயில்தான் என்பதால் பெயரில் ஆச்சரியம் ஏதும் இல்லை.) வெளியூரில் வேலை கிடைக்கும், போவான், அப்பா ஏதாவது காரணம் சொல்லித் திரும்ப வரவழைத்துவிடுவார். இப்படியே வயது போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு கட்டத்தில் ரஷ்யாவில் உள்ள ஜப்பானிய ரோபோ நிறுவனம் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைக்கிறது. இந்த முறை கிளம்பிவிடுகிறான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ் ஏற்பாடு செய்கிறான், அது நிலைக்கவில்லை. கடைசியில், தன் நிறுவனம் முதியவர்களுக்காகத் தயாரித்துச் சோதனையில் வைத்திருக்கும் ரோபோ ஒன்றையே ஊருக்குக் கொண்டுவந்து விட்டுப் போகிறான். பெரியவர் முதலில் அதைக் கிட்டே சேர்க்கவில்லை. அப்புறம் அதற்குக் குஞ்ஞப்பன் என்று பெயர், உடம்பில் சட்டையும் முண்டும், ஊருக்குள் நடை. மீதியைப் படத்தில் பாருங்கள்.

அந்த ரோபோ நிஜமாகச் செய்ததா, கிராஃபிக்ஸா?

உள்ளே இருப்பது ஒரு நடிகர். பெயர் சூரஜ் தேலக்காடு. மலையாளத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பெயர் வாங்கியவர், உருவத்தில் குள்ளமானவர். ரோபோ உடையைப் போட்டுக்கொண்டு, ஓட்டு வீட்டு முற்றத்திலும் வயல் வரப்பிலும் நடந்தவர் அவர்தான். படம் வெளியானபோது இதைச் சொல்லவே இல்லை. போஸ்டரில் அவர் முகம் கிடையாது, பேட்டி கிடையாது. தியேட்டர் ஓட்டம் கழிந்த பிறகுதான் வெளியே சொன்னார்கள். இயந்திரம் என்று நம்பிப் பார்த்த பலருக்கு அது நிஜமான அதிர்ச்சி.

தெரிந்துகொண்டு பார்த்தால் சுவை குறையுமா என்றால், எனக்குக் கூடியது. முகத்தில் எதுவும் அசையாது, கண் எதையும் காட்டாது, குரல் ஏறாது இறங்காது. தலையை எவ்வளவு திருப்புவது, நடையை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் நடித்திருக்கிறார். பெரியவர் திட்டிக்கொண்டே முன்னால் போக, அது இரண்டடி பின்னால் அதே வேகத்தில் வரும். திட்டு அதற்கு உறைத்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. சிரிப்பு வருவதே அந்த இடத்தில்தான்.

இது நகைச்சுவைப் படமா, அழ வைக்கும் படமா?

முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. இரண்டாம் பாதியில் சிரிப்பு மெல்ல இடத்தைக் காலி செய்யும். ஆனால் பிழியப் பிழிய அழவிடும் படம் இல்லை. கண் கலங்குகிற நேரத்தில் யாராவது ஊர்க்காரர் குறுக்கே வந்து ஏதாவது சொல்லிவிடுவார்.

ஒன்று கவனித்தேன். வீட்டில் பெரியவருக்கு ஆள் வைத்துப் பார்த்து அலுத்தவர்கள், ஹோம் நர்ஸ் காட்சிகளில் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பதில்லை. சும்மா தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள். சாப்பாட்டில் குறை, உட்கார்ந்தால் குறை, போனைத் தொட்டால் குறை. வேலைக்கு வந்தவர் போன பிறகு, "நான் என்ன சொன்னேன், ஒன்றும் சொல்லவில்லையே" என்கிற முகம். இந்த முகம் எல்லா ஊரிலும் உண்டு.

பெரியவரின் தனிமைக்கு யார் காரணம்? வெளிநாடு போன மகனா?

படத்தைப் பார்த்துவிட்டு "பெற்றவர்களை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு நல்ல பாடம்" என்று சொல்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலில் ஊர் நிலவரம். 2018-ல் எடுத்த கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பின்படி சுமார் 21 லட்சம் மலையாளிகள் வெளிநாட்டில் இருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம், நாடு முழுவதற்கும் எடுத்தால் 8.6. பெரிய வீடு, பூட்டிய அறைகள், திண்ணையில் ஒரே ஒருவர் என்பது அங்கே ஒரு குடும்பத்தின் கதை இல்லை. ஹோம் நர்ஸ் என்பது அங்கே நிலைபெற்ற தொழிலாக ஆனதும் இதனால்தான். ஆக, படம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பொய்யில்லை.

ஆனால் இந்தப் படத்து மகன் முப்பதைத் தாண்டும்வரை ஊரிலேயே இருந்தவன். சமைத்துப் போட்டு, திட்டு வாங்கி, கிடைத்த வேலைகளை விட்டுவிட்டு வந்தவன். அப்பாவின் தனிமைக்கு அவன் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொதுவாள் தன்னைச் சுற்றி இருந்த ஒவ்வொருவரையும் தானே தள்ளிவிட்டவர். சாதி பார்ப்பார், முறை பார்ப்பார், புதிதாக எது வந்தாலும் முகம் சுளிப்பார். அன்பு இருக்கிறது, ஆனால் அந்த அன்பு பிடித்த கையை விடாது. மகன் அருகில் இருந்தபோதும் இருவரும் பேசிக்கொண்டது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கட்டளை ஒரு பக்கம், முணுமுணுப்பு ஒரு பக்கம். வீட்டில் இரண்டு பேர் இருந்தும் இரண்டு பேருமே தனி. படம் இதைச் சத்தம் போடாமல் சொல்லிவிட்டுப் போகிறது, அதனால் பலர் கவனிப்பதில்லை.

ஒரு இயந்திரத்தோடு நட்பு என்பது நம்பும்படி இருக்கிறதா?

எனக்கு இருந்தது. ஏனென்றால் அது எப்படி வருகிறது என்பதை அவசரப்படாமல் காட்டுகிறார்கள். பொதுவாளிடம் எந்த மனிதரும் நிலைக்காததற்கு ஒரே காரணம், அவர் பேச்சு சுடும். குஞ்ஞப்பனுக்கு அது சுடாது. எவ்வளவு திட்டினாலும் அடுத்த நிமிடம் அதே குரலில் மருந்து நேரத்தைச் சொல்லும். திட்டித் திட்டி அலுத்துப்போன மனிதர் அப்புறம் வேறு வழியில்லாமல் பேச ஆரம்பிக்கிறார். கேட்க ஒரு காது கிடைத்ததும் பழைய கதைகள் வருகின்றன. ஒருநாள் குஞ்ஞப்பன் அவருக்கு ஃபேஸ்புக் கணக்கே திறந்து கொடுக்கிறது. அதன் வழியாக, இளவயதில் மனதில் இருந்த சௌதாமினியோடு மறுபடி பேச்சு தொடங்குகிறது. மாலா பார்வதி நடித்திருக்கிறார். அவர் வரும் நேரம் கொஞ்சம்தான், ஆனால் பொதுவாளின் நடையே மாறிவிடும்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. குஞ்ஞப்பன் நல்ல நண்பனாக இருப்பதற்குக் காரணம், அவனுக்கென்று எதுவும் இல்லாததுதான். அவனுக்குப் பசி இல்லை, அப்பா இல்லை, ரஷ்யாவுக்குப் போக வேண்டிய வேலை இல்லை. எதிர்த்துக் கேட்க மாட்டான், மனம் புண்பட்டு எழுந்து போக மாட்டான். பொதுவாள் கடைசியில் ஒரு நட்பைக் கற்றுக்கொண்டார் என்று சொல்லலாம். மகன் எந்த மாதிரி இருக்க வேண்டும் என்று காலமெல்லாம் எதிர்பார்த்தாரோ, அதைக் கடைசியில் செய்தே அனுப்பிவிட்டார்கள் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி. படம் இந்த இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. "அதற்கு உன்மேல் பாசம் கிடையாது அப்பா, அது மிஷின்" என்று மகன் பக்கம் இருந்து பார்த்தால், அவன் சொல்வது சரி. ஆனால் பெற்ற அப்பாவுக்கு எதிரே ஒரு ரோபோவோடு போட்டி போட வேண்டிய நிலைமை அவனுக்கு!

சுராஜ் வெஞ்ஞாறமூடு அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறாரா, அல்லது வயதான வேடம் என்பதால் புகழ்கிறார்களா?

அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. மகனாக வரும் சௌபினுக்கும் அவருக்கும் நிஜத்தில் ஏழு வயதுதான் வித்தியாசம். இதைப் படம் முடிந்த பிறகு சொன்னால் நிறைய பேர் நம்ப மறுக்கிறார்கள்.

மேக்கப் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காரியத்தைச் செய்வது மேக்கப் இல்லை. நாற்காலியிலிருந்து எழும்போது முதலில் கையை ஊன்றி, ஒரு கணம் நின்று, இடுப்பு நிமிர்ந்த பிறகே அடி எடுத்து வைப்பார். எரிச்சல் வந்தால் அந்த ஒரு கணம் காணாமல் போய்விடும். விறுவிறு என்று எழுந்துவிடுவார். வீட்டில் முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கோபம் வந்தால் மூட்டுவலி மறந்துபோகும்.

மிமிக்ரி மேடையிலிருந்து வந்தவர் அவர். பல ஆண்டுகள் நகைச்சுவைத் துணை வேடங்கள்தான். 'பேரறியாதவர்' படத்துக்காக 2013-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றபோதுகூட, இவரா என்று கேட்டவர்கள் உண்டு. 2019 அவருடைய ஆண்டு. இந்தப் படத்துக்கும் 'விக்ருதி'க்கும் சேர்த்துக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அதே விருது விழாவில் சிறந்த அறிமுக இயக்குநர் விருது ரதீஷுக்கு. கலை இயக்கத்துக்காக ஜோதிஷ் சங்கருக்கும் கிடைத்தது, இந்தப் படத்தோடு 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தையும் சேர்த்து.

பையன்னூர்ப் பேச்சு என்கிறார்களே, சப்டைட்டில் இல்லாமல் புரியுமா?

கஷ்டம்தான். வடக்கு மலபாரின் பேச்சு மற்ற மலையாளிகளுக்கே கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. வேகம் வேறு, இழுவை வேறு. பாலக்காட்டு மலையாளம் கேட்டுப் பழகிய தமிழருக்கும் முதல் அரை மணி நேரம் பிடிபடாது. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், கூச்சமே வேண்டாம்.

சுராஜ் கேரளத்தின் தென்கோடியில் திருவனந்தபுரம் மாவட்டத்துக்காரர், அந்தப் பேச்சை வைத்தே சிரிக்க வைத்துப் பெயர் வாங்கியவர். அவர் பையன்னூர்ப் பேச்சில் ஒரு முழுப் படம் நடித்திருப்பது, நாகர்கோவில்காரர் ஒருவர் கோயம்புத்தூர்க் கவுண்டராகப் பேசி நம்ப வைப்பதற்குச் சமம். சுற்றியுள்ள சின்னச் சின்ன வேடங்களில் வடக்குப் பக்கத்து நடிகர்களே நிறைய வருவதால் அவர் பேச்சும் அந்த மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது.

இது ஓர் ஆங்கிலப் படத்தின் காப்பி என்கிறார்களே?

2012-ல் வந்த 'ரோபோ அண்ட் ஃபிராங்க்' படத்தைச் சொல்கிறார்கள். அங்கேயும் ஒரு முதியவர், அவர் மகன் கொண்டுவந்து வைக்கும் ரோபோ, முதலில் வெறுப்பு, பிறகு நெருக்கம். இது வரைக்கும் ஒற்றுமை இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற திருடர், ஞாபக மறதி உள்ளவர். ரோபோவைக் கூட்டாளியாக்கித் திருடப் போகிறார். இங்கே ரோபோவை வைத்து எழும் கேள்விகளே வேறு: ஊர் என்ன சொல்லும், கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா, அவன் என்ன சாதி, என்ன மதம். இந்தப் பக்கத்தை அமெரிக்காவிலிருந்து எடுத்து வந்திருக்க முடியாது. பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

தமிழில் 'கூகுள் குட்டப்பா' இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

2022 மே மாதம் வந்த தமிழ் ரீமேக் அது. சபரி, சரவணன் இருவரும் இயக்க, கே.எஸ். ரவிக்குமார் தயாரித்து அப்பாவாகவும் நடித்தார். மகனாக தர்ஷன், ஜோடியாக லாஸ்லியா. இருவரும் இலங்கைத் தமிழர்கள், பிக் பாஸ் மூன்றாம் பருவத்தில் அறிமுகமானவர்கள். யோகி பாபுவும் உண்டு.

கே.எஸ். ரவிக்குமாரை இப்படி ஒரு வேடத்தில் பார்ப்பது புதிது, அவர் குறை வைக்கவில்லை. ஆனால் மலையாளத்தில் சிரிப்பு சூழலிலிருந்து வருகிறது, தமிழில் சிரிப்புக்கென்று தனியாக இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அமைதியாக விட்டிருக்க வேண்டிய இடங்களிலும் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சப்டைட்டில் படிக்கவே பிடிக்காத வீட்டுப் பெரியவர்களோடு பார்க்க வேண்டும் என்றால் தமிழ். மற்றபடி மலையாளமே.

நிஜத்தில் இப்படிப்பட்ட ரோபோ உண்டா? வாங்க முடியுமா?

சமைத்து, குளத்துக்குக் கூட வந்து, அரசியல் பேசும் ரோபோவைக் கடையில் வாங்க முடியாது. வரப்பில் நடப்பதே பெரிய சவால். ஆனால் முதியவர்களின் தனிமைக்கென்றே செய்யப்பட்ட இயந்திரங்கள் இருக்கின்றன. ஜப்பானில் பல ஆண்டுகளாகப் பயன்படும் 'பாரோ' ஒரு குட்டிக் கடல்நாய் உருவம். தடவிக் கொடுத்தால் அசையும், கூப்பிட்டால் திரும்பும், வேறு வேலை எதுவும் செய்யாது. அங்கே நாலில் ஒருவருக்கு மேல் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் என்பதால் தேவை இருக்கிறது. படத்தில் நிறுவனம் ஜப்பானியது என்று வைத்தது சும்மா இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநில அரசு 2022-ல் 'எல்லிக்யூ' என்ற மேசைமேல் வைக்கும் பேச்சுத்துணைக் கருவியைத் தனியாக வாழும் முதியவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது.

கேரளமும் ரோபோவுக்குப் புதிதல்ல. படம் வந்த அதே 2019-ல், பிப்ரவரி மாதம், திருவனந்தபுரத்துக் காவல்துறைத் தலைமையகத்தில் வரவேற்புக்கு ஒரு ரோபோவை நிறுத்தினார்கள். அது வந்தவர்களுக்கு சல்யூட் அடித்தது.

குறையே இல்லையா?

இருக்கிறது. ரஷ்யக் காட்சிகள் ஊர்க் காட்சிகள் அளவுக்கு உயிரோடு இல்லை. அங்கே மகன் சந்திக்கும் ஹிதோமி, பாதி ஜப்பான், பாதி மலையாளி. அருணாசலப் பிரதேசத்துக்காரரான கென்டி ஸிர்டோ அழகாகச் செய்திருக்கிறார், ஆனால் எழுத்தில் அவருக்கு ஒன்றும் பெரிதாகக் கொடுக்கவில்லை. நடிகர் சைஜு குறுப்பு வரும் பகுதி கதையைத் திருப்புவதற்காக வைத்தது என்று பார்க்கும்போதே தெரிந்துவிடுகிறது. ரோபோவால் ஆபத்து வரலாம் என்ற இழையும் அவசரமாகக் கட்டப்பட்டது. அந்தப் பதற்றம் இல்லாமலே இந்தப் படம் நின்றிருக்கும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா? எவ்வளவு நேரம்?

தாராளமாக. சுமார் 2 மணி 20 நிமிடம். குழந்தைகளுக்கு முதல் பாதி ரொம்பப் பிடிக்கும், கடைசிப் பகுதியில் கேள்வி கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டருக்குப் பின் அமேசான் பிரைமில் வந்தது. இந்தத் தளங்களில் படங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

பிடித்துவிட்டது. அடுத்து என்ன பார்ப்பது?

இயக்குநரைப் பிடித்திருந்தால் 'ன்னா தான் கேஸ் கொடு' (2022). சாலைக் குழி ஒன்றுக்காக அமைச்சர்மேல் வழக்குப் போடும் ஒரு பழைய திருடனின் கதை, குஞ்சாக்கோ போபன் நடித்தது. இதைவிடச் சிரிப்பு அதிகம், கோபமும் அதிகம்.

நடிகர்களைப் பிடித்திருந்தால் 'விக்ருதி'. இதே சுராஜும் சௌபினும், இதற்கு ஒரு மாதம் முன்னால் வந்த படம். கொச்சி மெட்ரோவில் அசதியில் தூங்கிய, வாய் பேச முடியாத ஒருவரைக் குடிகாரர் என்று ஃபோட்டோ எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டுவிடுகிறார்கள். நிஜமாக நடந்த சம்பவத்தை வைத்து எடுத்தது. சுராஜ் அந்த மனிதர், ஃபோட்டோ எடுத்துப் போட்டவர் சௌபின். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள், இரண்டுமே கொஞ்சம் கனமானவை.